டப்பாவில் இருப்பது புரதமா, வெறும் நைட்ரஜனா?

மும்பையில் தமிழர்கள் நெருங்கி வாழும் தாராவி, செம்பூர், முலுண்ட் போன்ற பகுதிகளில் உடற்பயிற்சிக் கூடம் இல்லாத தெருவைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. பகலெல்லாம் கூரியர் பை சுமக்கிறவர், இரவுக் காவல் பணி பார்க்கிறவர், அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர் எல்லாரும் அங்கே கூடுகிறார்கள். இது நல்ல மாறுதலே; யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கூடத்தின் வாசலிலோ, பயிற்சி ஆசிரியரின் மேஜையிலோ வண்ண வண்ண டப்பாக்களும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இரும்பு தூக்கினால் மட்டும் போதாது, டப்பாவும் வாங்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம்.

ஒரு கிலோ டப்பாவின் விலை சுமார் 2,000 ரூபாயில் தொடங்கி 4,000 ரூபாயையும் தாண்டுகிறது. ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மீதியில் மாதத்தை ஓட்டுகிறவருக்கு இது சிறிய தொகை அல்ல. இரண்டு பேர் சேர்ந்து ஒரு டப்பா வாங்கிப் பங்கிட்டுக் கொள்வதும், மெஸ் பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டு டப்பா வாங்குவதும் நடக்கின்றன. ஊரிலுள்ள வயதான பெற்றோருக்குச் 'சத்துப் பொடி' வாங்கிக்கொண்டு ரயிலேறுகிறவர்களும் உண்டு. ஆகவே, டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பது உள்ளே இருக்கிறதா, இருந்தாலும் அது உடம்புக்குத் தேவைதானா என்ற இரண்டு கேள்விகளும் வெறும் விஞ்ஞானக் கேள்விகள் அல்ல. சம்பளக் கணக்கோடு சேர்ந்தவை.

முதல் கேள்விக்கு 2024 ஏப்ரலில் ஒரு பதில் கிடைத்தது. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர்களும் அவர்களுடன் சேர்ந்தவர்களும், எந்தக் கம்பெனியின் பணத்தையும் வாங்காமல், இந்தியச் சந்தையில் விற்கும் 36 வகைப் புரதப் பொடிகளை வாங்கிச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். முடிவு 'மெடிசின்' என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. 36-ல் 25 பொடிகளில் லேபிளில் சொன்ன அளவு புரதம் இல்லை. சிலவற்றில் குறை பத்து சதவீதத்துக்கும் கீழே. சிலவற்றில் பாதிக்கு மேல் காணவில்லை. அதாவது 24 கிராம் என்று போட்டிருந்த இடத்தில் 12 கிராம்கூட இல்லாத சரக்கும் இருந்தது. ஐந்து பொடிகளில் அப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சும், மூன்றில் பூச்சிமருந்தின் எச்சமும் தென்பட்டன.

அப்ளாடாக்சின் பற்றி ஒரு வார்த்தை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்றதே காரணம் என்று பின்னர் கண்டுபிடித்தார்கள். அப்படி வெளிச்சத்துக்கு வந்த நஞ்சு இது. கல்லீரலைத் தாக்கும், நாள்பட்டால் புற்றுநோய்க்கும் இடம் தரும். உடம்பைத் தேற்றுவதற்காக வாங்கும் பொடியில் இது இருப்பது கேலிக்கூத்து.

36 பொடிகள் என்பது சந்தை முழுவதும் அல்ல. எல்லாக் கம்பெனியும் ஏமாற்றுகிறது என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. சொன்னபடி புரதம் இருந்த பொடிகளும் அந்தப் பட்டியலிலேயே உண்டு. ஆனால் வாங்குகிறவர் கண்ணால் பார்த்தோ, முகர்ந்து பார்த்தோ, விலையை வைத்தோ இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நைட்ரஜன் கணக்கு

இவ்வளவு எளிதாக எப்படி ஏமாற்ற முடிகிறது? அதைப் புரிந்துகொள்ளப் புரதத்தை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் சோதனைச்சாலையில் வேலை பார்த்த ஜோஹான் கெல்டால் என்ற ரசாயன நிபுணர் 1883-ல் ஒரு முறையை வெளியிட்டார். தானியத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் நல்ல பீர் காய்ச்ச முடியும். அதற்காகப் பிறந்த முறை அது. மது ஆலைக்குப் பிறந்த பிள்ளைதான் இன்று குழந்தை உணவு வரைக்கும் நாட்டாண்மை செய்கிறது.

முறை இதுதான். பொருளை அடர்த்தியான கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியம் உப்பாக மாறுகிறது. பிறகு காரம் சேர்த்தால் அம்மோனியா ஆவியாக வெளிவருகிறது. அதைப் பிடித்து அளந்து, நைட்ரஜன் எத்தனை கிராம் என்று கண்டுபிடித்து, 6.25 ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு வந்துவிடும். பொதுவாகப் புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன் என்பது கணக்கு. பாலுக்கு மட்டும் 6.38 ஆல் பெருக்குவார்கள்.

இதில் உள்ள ஓட்டை சிறு பிள்ளைக்கும் புரியும். சோதனை எண்ணுவது நைட்ரஜனைத்தான், புரதத்தை அல்ல. புரதமே இல்லாத, ஆனால் நைட்ரஜன் உள்ள மலிவான பொருளைக் கலந்தாலும் சோதனை அதைப் புரதம் என்றே கணக்கில் ஏற்றிக்கொள்ளும். ரயிலில் ஏறியவர்களின் தலையை எண்ணிவிட்டு, அத்தனை பேரும் டிக்கெட் வாங்கியவர்கள் என்று எழுதிக்கொள்வது போன்றது.

2008-ல் சீனாவில் நடந்த கொடுமை இந்த ஓட்டையின் வழியாக நடந்ததே. தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறையாதது போலக் காட்ட, தட்டும் கிண்ணமும் செய்யப் பயன்படும் மெலமைனைக் கலந்தார்கள். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைன் சேர்த்தால் சோதனையில் நாலு கிராமுக்கு மேல் புரதம் இருப்பதாகக் காட்டும். அந்தப் பால் பவுடரைக் குடித்துச் சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன. சிறுநீரகத்தில் கல் அடைத்து ஆறு குழந்தைகள் இறந்தன. அந்த ஆண்டே சீனப் பால் பொருள்களின் இறக்குமதியை இந்தியா தடை செய்தது.

உடற்பயிற்சிப் பொடிகளில் நடப்பது அவ்வளவு கொடியதல்ல. ஆனால் தந்திரம் ஒன்றே. கிளைசின், டாரின், கிரியாட்டின் என்று சில பொருள்கள் உண்டு. பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தைவிட இவை மலிவு. ஒரு கிராம் கிரியாட்டின் கலந்தால், கெல்டால் சோதனையில் இரண்டு கிராம் புரதமாகத் தெரியும். ஒரு கிராம் கிளைசின், ஒன்றேகால் கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். இவற்றால் உடனே கேடு வராது. கிரியாட்டினுக்குத் தனியாக ஒரு பயனும் உண்டு. ஆனால் புரதத்தின் விலை கொடுத்து வாங்கியவருக்குப் புரதம் கிடைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. பொடியை அமிலத்தில் ஒரு நாள் முழுதும் சூடாக்கிப் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து அளக்கலாம். உடைக்காமலே தனியாகத் திரியும் அமினோ அமிலங்கள் எவ்வளவு என்றும் அளந்து கழித்துவிட்டால் உண்மையான புரதம் எவ்வளவு என்பது வெளிப்பட்டுவிடும். கெல்டால் சோதனையைவிட இதற்குச் செலவும் நேரமும் அதிகம். ஆகவே 'சோதனைச்சாலையில் சோதிக்கப்பட்டது' என்று டப்பாவில் போட்டிருந்தால், எந்தச் சோதனை என்று கேட்பதில் தவறில்லை.

லேபிளில் சொல்லாதது உள்ளே இருப்பதும் உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகரில் விளையாட்டு வீரர்களின் ஊக்கமருந்துச் சோதனை நடத்தும் கூடம், 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருள்களை ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 94 பொருள்களில், லேபிளில் குறிப்பிடாத, ஆண்மைச் சுரப்பி சம்பந்தப்பட்ட ஸ்டீராய்டு வகைகள் இருந்தன. 'ஒரே மாதத்தில் பலன்' என்று அடித்துச் சொல்லும் சரக்கைக் கண்டால் இந்த எண்ணிக்கையை நினைத்துக்கொள்வது நல்லது.

உடம்புக்கு எவ்வளவு வேண்டும்?

சரி, டப்பாவில் சொன்னபடியே புரதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தேவையா?

ஐதராபாத்திலுள்ள தேசிய சத்துணவு நிலையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். அரிசி, பருப்பு வழியாகவே பெரும்பகுதி கிடைக்கிறவர் சற்றுக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு சாதாரணச் சாப்பாட்டைப் பார்க்கலாம். நாளைக்கு 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு அதிலிருந்தே சுமார் 23 கிராம் புரதம் வருகிறது. 60 கிராம் துவரம்பருப்பில் 13 கிராம். கால் லிட்டர் பால் அல்லது தயிரில் 8 கிராம். ஒரு முட்டையில் 6 கிராமுக்கு மேல். கூட்டிப் பார்த்தால் ஐம்பது வந்துவிட்டது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு; பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் உண்டு. இட்லிக்கு அரிசியோடு உளுந்து சேர்த்து அரைத்த பாட்டிக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. காரியம் மட்டும் சரியாக நடந்திருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், மும்பை வாழ்க்கையில் அந்தப் பருப்பும் பாலும் குறைந்து போவதில்தான். காலையில் டீயும் பாவும், மத்தியானம் வடா பாவ், இரவு மெஸ்ஸில் தண்ணீராகிப் போன சாம்பார் என்று நாள் கழிந்தால் ஐம்பது கிராம் சேராது. டப்பா விற்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் இடமும் இதுவே. குறை இருப்பது உண்மை. அதை அடைக்க டப்பாதான் வழி என்பது உண்மையல்ல.

விலைக் கணக்குப் போட்டால் விளங்கும். 2,700 ரூபாய் டப்பாவில் 30 கரண்டி, கரண்டிக்கு 24 கிராம் புரதம் என்றால், ஒரு கரண்டிக்கு 90 ரூபாய். அதே அளவு புரதம் நாலு முட்டையில் இருக்கிறது. முட்டை எட்டு ரூபாய் என்றாலும் 32 ரூபாய்தான் ஆகும். நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம். பொட்டுக்கடலையில் 20 கிராமுக்குக் குறையாது. கொழுப்பெடுத்த சோயா உருண்டை ஐம்பது கிராம் போதும், 25 கிராம் புரதம் கிடைத்துவிடும். விலை பத்து ரூபாய்க்குள் அடங்கும். கடலையில் கொழுப்பும் சேர்ந்து வரும். முட்டையின் புரதம் பருப்பைவிட உயர்ந்தது. இந்த வேறுபாடுகள் உண்டு. வே புரதமும் முட்டையைப் போல முதல் தரமானதே. அதன் தரத்தில் குற்றமில்லை; விலையிலும் விளம்பரத்திலும்தான் குற்றம். 'தோல் பளபளக்கும்' என்று இப்போது புதிதாக விற்கப்படும் கொல்லாஜன் பொடியின் கதை வேறு. அதில் டிரிப்டோபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அறவே கிடையாது. தனிப் புரத உணவாகப் பார்த்தால் அதற்குக் கிடைக்கும் மதிப்பெண் பூஜ்யம்.

எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு 0.83 கிராம் போதாது என்று சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 49 ஆய்வுகளையும் அவற்றில் பங்குகொண்ட 1,863 பேரின் விவரங்களையும் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை 2018-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளிவந்தது. கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் கூட்டினால் தசை வளர்ச்சிக்கு உதவும், அதற்கு மேல் போனால் கூடுதல் பலன் இல்லை என்பது அதன் முடிவு. ஆனால் எவ்வளவு உதவும்? பயிற்சியோடு கூடுதல் புரதமும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அதிகமாகச் சேர்ந்த தசை எடை சராசரியாக 300 கிராம். பல வாரங்கள் வியர்வை சிந்திய பிறகு கிடைத்த வித்தியாசம் அவ்வளவே. பெரும்பங்கு வேலையைச் செய்தது இரும்புதான். விளம்பரப் படத்தில் நிற்கும் ஆளின் மார்பும் தோளும் டப்பாவிலிருந்து வந்தவை அல்ல.

2024 மே மாதம் வெளியிட்ட உணவு நெறிமுறைகளில் தேசிய சத்துணவு நிலையம், தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. சர்க்கரை, செயற்கை இனிப்பு, வாசனைப் பொருள்கள் சேர்ந்திருக்கக் கூடும் என்றும், அளவுக்கு மீறி நெடுநாள் சாப்பிட்டால் எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு வரலாம் என்றும் எச்சரித்திருக்கிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அப்படிக் கேடு வருமா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேற்றுமை இருக்கிறது. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவருக்கு ஆபத்து என்பதில் இரண்டு கருத்து இல்லை. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ள எத்தனையோ பேருக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருவது தெரிவதேயில்லை. ஊரிலிருக்கும் பெற்றோருக்கு டப்பா வாங்கிப் போகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பழைய பயம், புதிய விலாசம்

'இந்தியர்களுக்குப் புரதம் போதவில்லை' என்ற கூக்குரல் புதிதல்ல. ஐக்கிய நாடுகள் சபை 1955-லேயே புரதத்துக்கென்று ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. புரத நெருக்கடி வருகிறது என்று 1968-ல் உலகத்தையே எச்சரித்தார்கள். மீன் மாவு, கடலை மாவு என்று எத்தனையோ புரதப் பண்டங்கள் அப்போது தயாராயின. அந்த வேகத்தை நிறுத்தி நிதானமாகக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் 1918-ல் சிறிய ஆராய்ச்சியாகத் தொடங்கி, 1958-ல் ஐதராபாத்துக்குப் போன நிலையமே பிற்காலத்தில் தேசிய சத்துணவு நிலையமாயிற்று. அதன் தலைமையில் இருந்தவர் அவர்.

ஏழைக் குழந்தைகளுக்குக் குறைவது புரதம் அல்ல, சாப்பாடே என்று அவர் வாதாடினார். வாதத்தோடு நிற்கவில்லை, சோதித்தும் காட்டினார். மெலிந்த குழந்தைகளுக்குத் தினமும் 310 கலோரி தரும் ஒரு சிற்றுண்டி பதினான்கு மாதம் கொடுக்கப்பட்டது. அதில் இருந்த புரதம் வெறும் 3 கிராம். கோதுமை, சர்க்கரை, எண்ணெய் சேர்ந்த அந்த எளிய பண்டத்தைச் சாப்பிட்ட குழந்தைகள், சாப்பிடாத குழந்தைகளைவிட நன்றாக வளர்ந்தார்கள். வயிறு நிறையாத உடம்பு, கொடுக்கும் புரதத்தையும் விறகாக எரித்துவிடுகிறது. 1973-ல் வெளிவந்த இந்த ஆராய்ச்சி உலகின் எண்ணத்தையே திருப்பியவற்றில் ஒன்று. மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மாலையில் புரதப் பொடி கலக்கிக் குடிக்கிற இளைஞருக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

குழந்தைகளின் டப்பாக்களிலும் கதை இதுவே. பிள்ளை உயரமாகும், பலசாலியாகும், புத்திசாலியாகும் என்று பாடிய ஹார்லிக்ஸ் விளம்பரத்தை, ஆதாரம் போதாது என்று பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2008-ல் நிறுத்தியது. இந்தியாவில் 2024 ஏப்ரலில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் மத்திய வர்த்தக அமைச்சகமும் விழித்துக்கொண்டன. பால், தானியம், மால்ட் கலந்த பானப் பொடிகளை இணைய விற்பனைக்காரர்கள் 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் காட்டக் கூடாது என்று உத்தரவாயிற்று. போர்ன்விட்டா போன்றவை அந்தப் பட்டியலிலிருந்து நீங்கின. ஹார்லிக்ஸ் தன் வகைப் பெயரையே மாற்றிக்கொண்டது. 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகை உணவுச் சட்டத்தில் கிடையவே கிடையாது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அத்தனை ஆண்டுகள் அந்தப் பெயரில் விற்றுக்கொண்டிருந்ததை யாரும் தடுக்கவில்லை.

வாங்கியவர் கையில் உள்ள வழி

2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், பொய் லேபிளுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரையும், தரக்குறைவுக்கு ஐந்து லட்சம் வரையும், தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. சத்துப் பொடிகளின் லேபிளில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது விதி. டப்பாவில் பதினான்கு இலக்க லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். லைசென்ஸ் எண் என்றால் தரச் சான்றிதழ் என்று பலர் எண்ணுகிறார்கள். அது அப்படியல்ல, தொழில் நடத்த அனுமதி, அவ்வளவே.

அதே சட்டத்தின் 40-வது பிரிவு பலருக்குத் தெரியாத ஒன்று. அதிகாரி வந்துதான் மாதிரி எடுக்க வேண்டும் என்பதில்லை. சாதாரணமாகக் கடையில் வாங்கும் ஒருவரே, கட்டணம் செலுத்தி, அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். பதினான்கு நாளுக்குள் அறிக்கை அவருக்கு வர வேண்டும். ஒரு நகல் அதிகாரிக்கும் போகும். சரக்கு சட்டப்படி இல்லையென்று அறிக்கை சொன்னால் கட்டணத்தைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. மகாராஷ்டிரத்தில் இதற்கும், புகார் கொடுப்பதற்கும் அணுக வேண்டிய இடம் மாநில அரசின் உணவு, மருந்து நிர்வாகம், எப்.டி.ஏ. என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்குக் கட்டணம் பாரமாக இருக்கலாம். ஒரே டப்பாவை வாங்கும் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொண்டால் பாரம் தெரியாது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சோதனைக்குக் கொடுக்கப் போவதாக, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். ரசீதும் கையில் இருப்பது அவசியம். பயிற்சி ஆசிரியரின் மேஜையில் வாங்கும் டப்பாவுக்குப் பெரும்பாலும் ரசீது கொடுப்பதில்லை.